கம்பளி கட்டிய ஊர்கள், கால்கள் காத்த பாதைகள்!

இடுப்பளவு கோதுமை வளர்ந்து நிற்கும் வயல். நட்ட நடுவே, வகிடு எடுத்தாற்போல ஒரு மண் பாதை. வேலியோரம் ஒரு மரக்கம்பம். அதில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மஞ்சள் அம்பு. அந்த அம்பு காட்டும் திசையில் யாரிடமும் அனுமதி கேட்காமல் வயலுக்குள் இறங்கி நடக்கலாம். நிலம் விவசாயியுடையது. அதன் குறுக்கே நடக்கும் உரிமை ஊருக்கே பொது!

இங்கிலாந்து கிராமப்புறத்துக்கு முதன்முறை போகிறவர்களுக்குத் தயக்கம் வருவது இந்த இடத்தில்தான். 'யாராவது சத்தம் போட்டால்?' என்று கால் கூசும். போட மாட்டார்கள். வயலை உழும்போது பாதையும் சேர்ந்து உழப்பட்டுவிட்டால், இரண்டு வாரத்துக்குள் குறைந்தது ஒரு மீட்டர் அகலத்துக்கு அதைச் சரிசெய்து தர வேண்டியது விவசாயியின் பொறுப்பு. சட்டமே அப்படித்தான் சொல்கிறது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இப்படிப் பதிவான பொதுப்பாதைகளின் மொத்த நீளம் சுமார் 2,25,000 கிலோமீட்டர். பூமியை ஐந்து முறை சுற்றிவந்தாலும் மிச்சம் இருக்கும்.

லண்டனைப் பார்த்தவர்கள் நம்மில் நிறைய பேர். பிக் பென், டவர் பிரிட்ஜ் என்று போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவோம். பாடிங்டன் ஸ்டேஷனில் ரயில் ஏறி, ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று அதிகமாக உட்கார்ந்திருந்தால் 'மோர்டன் இன் மார்ஷ்' என்ற சின்ன ஊர் வந்துவிடும். அங்கிருந்து தொடங்குவதுதான் இந்த வாரப் பயணம். பகுதியின் பெயர் காட்ஸ்வோல்ட்ஸ். பஸ்ஸில் சிப்பிங் கேம்ப்டன் போய், அங்கே தங்கி, அங்கிருந்து கால்நடையாகச் சுற்றினேன்.

ஆடு கொண்டுவந்த பணம்

காட்ஸ்வோல்ட்ஸ் என்பது ஒரு குன்றுத் தொடர். சுமார் 2,000 சதுர கிலோமீட்டர் பரப்பு. பல கோடி ஆண்டுகளுக்கு முன்பு இங்கே கடல் இருந்தது. அந்தக் கடலடியில் படிந்த சுண்ணாம்புக் கல்தான் இன்று வீடு, கோயில், மதில், ஆட்டுக்கொட்டகை எல்லாம். கல்லில் கலந்திருக்கும் இரும்புச் சத்தால் தேன் நிறம். மாலை வெயில் பட்டால் தெரு முழுக்க வெல்லப்பாகு ஊற்றியது போல இருக்கும்.

இந்தக் கல்லை அடுக்கிக் கட்டப் பணம் எங்கிருந்து வந்தது? ஆட்டு முதுகிலிருந்து! மண் மெல்லியது, புல் நன்றாக வளரும். நீண்ட சுருள் ரோமம் கொண்ட இந்த ஊர் ஆடுகளின் கம்பளியை வாங்க, இடைக்காலத்தில் இத்தாலியிலிருந்தும் ஃபிளாண்டர்ஸிலிருந்தும் வியாபாரிகள் வந்தார்கள். நாட்டின் கஜானாவே கம்பளி வரியை நம்பி இருந்த காலம் அது. பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் மேலவையில் சபைத்தலைவர் இன்றும் கம்பளி அடைத்த ஒரு பெரிய சிவப்புத் திண்டின் மேல்தான் அமர்கிறார். 14-ம் நூற்றாண்டில் தொடங்கிய பழக்கம் என்கிறார்கள்.

'சிப்பிங்' என்ற சொல்லுக்குப் பழைய ஆங்கிலத்தில் சந்தை என்று பொருள். அதாவது, சந்தை கேம்ப்டன். அதன் பெரிய தெருவில் 1380 வாக்கில் கட்டிய ஒரு வீடு இன்னும் நிற்கிறது. வில்லியம் கிரெவெல் என்ற கம்பளி வியாபாரியின் வீடு. 1401-ல் அவர் இறந்தார். தெருக்கோடியில் இருக்கும் தேவாலயத்தின் தரையில் அவரையும் மனைவியையும் பித்தளைத் தகட்டில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். அதில் ராஜா பட்டம் இல்லை, போர் வீரம் இல்லை. இங்கிலாந்துக் கம்பளி வணிகர்களிலேயே சிறந்தவர் என்பதுதான் அவருக்குக் கிடைத்த புகழுரை. இங்கே இத்தகைய கோயில்களை 'கம்பளிக் கோயில்கள்' என்றே அழைக்கிறார்கள். ஊர் அளவுக்குப் பொருந்தாத உயரத்தில் கோபுரம் தெரிந்தால், அந்த ஊர் ஒரு காலத்தில் ஆட்டில் கொழித்த ஊர் என்று புரிந்துகொள்ளலாம்.

கிரெவெலுக்கு 200 ஆண்டு கழித்து வந்த பாப்டிஸ்ட் ஹிக்ஸ் இன்னொரு பெரும்புள்ளி. பட்டு வியாபாரி, மன்னருக்கே கடன் கொடுத்தவர். 1612-ல் 12 ஏழை முதியவர்களுக்காக வரிசையாக வீடு கட்டிக் கொடுத்தார். அவருடைய சொந்த மாளிகை 1645 உள்நாட்டுப் போரில் எரிந்து போயிற்று. வாசல் கட்டடங்களும் தோட்டத்து மண்டபங்களும்தான் மிச்சம். ஆனால் முதியோர் வீடுகளில் இன்றும் மனிதர்கள் குடியிருக்கிறார்கள். நான் போனபோது ஒரு ஜன்னலில் துணி காய்ந்துகொண்டிருந்தது. 400 வருடத் தர்மம் என்பது அந்தக் காய்கிற துணிதான்.

வறுமை காத்த அழகு

'இவ்வளவு பழைய ஊர் எப்படி இடிபடாமல் நிற்கிறது?' என்பது எல்லோரும் கேட்கிற கேள்வி. பதில் கொஞ்சம் கசப்பானது. இடித்துப் புதிதாகக் கட்ட யாரிடமும் காசு இல்லை.

கம்பளி ஏற்றுமதி குறைந்தது. நெசவு கொஞ்ச காலம் தாங்கிப் பிடித்தது. பிறகு நீராவி இயந்திரமும் நிலக்கரியும் வந்து, தொழில் வடக்கே யார்க்‌ஷயருக்குப் போய்விட்டது. பர்மிங்ஹாம், மான்செஸ்டர் எல்லாம் புகையோடு வளர்ந்தபோது, இந்த ஊர்கள் வேலையில்லாமல் உறங்கின. இளைஞர்கள் பிழைப்புத் தேடி நகரங்களுக்குப் போனார்கள். இன்று நாம் ஓவியம் போல என்று மெச்சும் தெருக்கள், அன்று பஞ்சம் பிழைக்கப் போனவர்கள் பூட்டிவிட்டுப் போன தெருக்கள்.

அந்த அழகை முதலில் கண்டுகொண்டவர்களில் ஒருவர் கவிஞரும் கைவினைக் கலைஞருமான வில்லியம் மோரிஸ். பழைய கட்டடங்களைப் 'புதுப்பிக்கிறேன்' என்று சொல்லிச் சுரண்டிப் பாழாக்குவதைக் கண்டு கொதித்து, 1877-ல் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கினார். பழுது பார், மாற்றாதே என்பதுதான் அதன் சாரம். உலகெங்கும் பழமையைப் பாதுகாக்கிறவர்களுக்கு இது பாலபாடம் ஆயிற்று.

ஆனாலும் ஆபத்து வந்துகொண்டேதான் இருந்தது. கார் மன்னர் ஹென்றி ஃபோர்டு, இங்கே செட்வர்த் கிராமத்தில் ஒரு பழைய கல் வீட்டை விலைக்கு வாங்கி, கல் கல்லாகப் பிரித்து, 1930-ல் அமெரிக்காவுக்கு எடுத்துப் போய்த் தன் அருங்காட்சியகத்தில் திரும்பக் கட்டிவிட்டார். சிப்பிங் கேம்ப்டன் தெரு நடுவே ஹிக்ஸ் 1627-ல் கட்டிய சந்தை மண்டபத்துக்கும் 1940-களில் அதே கதி வந்திருக்கும். அமெரிக்காவுக்கு விலை பேசியாகிவிட்டது. ஊர்க்காரர்கள் வசூல் செய்து, பணத்தைக் கட்டி மீட்டு, நேஷனல் டிரஸ்ட் அமைப்பிடம் ஒப்படைத்தார்கள். அந்த மண்டபத்தின் தரைக்கல் மேடும் பள்ளமுமாகத் தேய்ந்திருக்கிறது. வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் கோழியும் விற்க வந்த 300 வருடக் கால்களின் தேய்மானம் அது. மழைக்கு ஒதுங்கி நின்றபோது, அந்தப் பள்ளங்களில் என் ஷூ சரியாகப் பொருந்தியது.

ஒரு மைல் தூரத்தில் ஒரு தமிழர் வீடு

1902-ல் இந்த ஊருக்கு ஒரு விசித்திரக் கூட்டம் குடிபெயர்ந்தது. சி.ஆர். ஆஷ்பீ என்ற கட்டடக் கலைஞர், லண்டனின் கிழக்குப் பகுதியிலிருந்து தன் கைவினைச் சங்கத்தைச் சேர்ந்த தொழிலாளர்களையும் குடும்பங்களையும் சேர்த்துச் சுமார் 150 பேரை அழைத்து வந்தார். வெள்ளி வேலை, தச்சு, இரும்பு வேலை, அச்சு என்று கையால் செய்கிற தொழில்களை நகரத்துப் புகையிலிருந்து மீட்டு, கிராமத்தில் வாழவைக்க வேண்டும் என்பது அவர் கனவு. ஆறே வருடத்தில் சங்கம் நொடித்துப் போயிற்று. ஆனால் அவர்கள் வேலை செய்த பழைய பட்டு ஆலையில், அந்த வழியில் வந்த ஒரு வெள்ளிப் பட்டறை இன்றும் இயங்குகிறது. மாடிப்படி ஏறிப் போய்ச் சுத்தியல் சத்தத்தை நேரில் கேட்கலாம்.

ஊரிலிருந்து வயல்வெளிப் பாதையில் ஒரு மைல் நடந்தால் பிராட் கேம்ப்டன் என்ற குட்டிக் கிராமம். அங்கே பழைய கல் வீடு ஒன்று இருக்கிறது. 12-ம் நூற்றாண்டுச் சிற்றாலயம் ஒன்று இடிந்து கிடந்ததை, ஆஷ்பீ வீடாக மாற்றிக் கட்டித் தந்தார். யாருக்குத் தெரியுமா? ஆனந்த குமாரசுவாமிக்கு!

ஆம், நடராஜர் சிலையின் தத்துவத்தை மேற்குலகுக்கு எடுத்துச் சொன்ன அதே ஆனந்த குமாரசுவாமிதான். 1877-ல் கொழும்பில் பிறந்தவர். தந்தை சர் முத்து குமாரசுவாமி, இலங்கைத் தமிழர். தாய் எலிசபெத், ஆங்கிலேயர். இரண்டு வயது நிறைவதற்குள் தந்தை இறந்துவிட, இங்கிலாந்தில் தாயிடம் வளர்ந்தார். பள்ளிப் படிப்பும் இதே குன்றுகளின் மேற்கு ஓரத்து ஊரான ஸ்டோன்ஹவுஸில்தான். படித்தது மண்ணியல். இலங்கையில் கனிமவள ஆய்வுக்குப் போனவர், கற்களைத் தேடிய கண்ணால் கிராமத்துக் கைவினைஞர்களைப் பார்த்தார். வெளிநாட்டு மலிவுச் சரக்குக்கு முன்னால் தறியும் உளியும் தோற்றுப்போவதைக் கண்டு மனம் மாறினார்.

1907-ல் இந்த பிராட் கேம்ப்டன் வீட்டில் குடியேறி, இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய தன் பெரிய நூலை இங்கேயே அச்சிட்டார். 1907 செப்டம்பரில் தொடங்கிய வேலை 1908 டிசம்பரில் முடிந்தது. மொத்தம் 425 பிரதிகள். அச்சு இயந்திரம் எது? வில்லியம் மோரிஸ் தன் புகழ்பெற்ற சாஸர் நூலை அச்சிட்ட அதே கை அச்சு! மோரிஸுக்குப் பின் ஆஷ்பீயிடம் வந்து, அவரிடமிருந்து இவருக்கு வந்தது. யார்க்‌ஷயர் ஆலையிடம் தோற்ற ஆங்கிலக் கிராமத்தில் உட்கார்ந்துகொண்டு, அதே மாதிரி ஆலைகளிடம் தோற்றுக்கொண்டிருந்த கீழைநாட்டுக் கைவினைக்காக ஒருவர் அச்சுக் கோத்திருக்கிறார்.

இப்போது அது தனியார் வீடு. உள்ளே போக முடியாது. சாலையில் நின்று பார்க்கலாம். தேன் நிறச் சுவர், உயரமான பழைய ஜன்னல், வாசலில் ரோஜாக் கொடி. ஐந்து நிமிடம் நின்றேன். ஒரு கார் போனது. பறவைச் சத்தம். அவ்வளவுதான்.

பாதை தானாக வரவில்லை

பிராட் கேம்ப்டனிலிருந்து திரும்பும் வழியில், வேலியைத் தாண்ட வைத்திருக்கும் மரப்படி அருகே ஒரு மூதாட்டி. எழுபது வயதுக்கு மேல் இருக்கும். கையில் கத்தரி, தடித்த கையுறை. பாதையில் படர்ந்திருந்த முட்கொடிகளை வெட்டிக்கொண்டிருந்தார். உங்கள் நிலமா என்று கேட்டேன். சிரித்தார். "இல்லை, என் பாதை. உங்கள் பாதையும்தான்."

இந்தப் பகுதியில் பாதைகளைப் பார்த்துக்கொள்ளத் தன்னார்வ வார்டன்கள் இருக்கிறார்கள். அவரும் அப்படி ஒருவர். "இதை வெட்டாமல் விட்டால் இரண்டே கோடையில் மூடிவிடும். மூடினால் யாரும் வர மாட்டார்கள். யாரும் வரவில்லை என்றால், இங்கே பாதையே இருந்ததில்லை என்று யாராவது சொல்வார்கள்" என்றார்.

அவர் பயம் வெறும் பயம் இல்லை. 18, 19-ம் நூற்றாண்டுகளில் ஊர்ப் பொது நிலங்களை நாடாளுமன்றச் சட்டங்கள் மூலமே வேலி போட்டுத் தனியாருக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். மாடு மேய்த்த இடம், சுள்ளி பொறுக்கிய இடம் எல்லாம் கை நழுவின. நடந்துபோகும் பழைய தடங்கள் மட்டும் பல இடங்களில் தப்பின.

வடக்கே டெர்பிஷயரின் கிண்டர் ஸ்கவுட் மேட்டில் நடந்தது இன்னும் பெரிய கதை. பெருநிலக்கிழார்கள் பறவை வேட்டைக்காக அடைத்து வைத்திருந்த மேட்டு நிலம் அது. மான்செஸ்டர் பக்கத்து ஆலைத் தொழிலாளர்கள் வாரம் முழுக்கப் புகையில் வேலை செய்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை நல்ல காற்றுக்காக மலையைப் பார்த்தால், காவலாட்கள் தடியோடு நின்றார்கள். 1932 ஏப்ரல் 24 அன்று சுமார் 400 பேர் தடையை மீறி ஏறினார்கள். முன்னின்றவர் பென்னி ரோத்மன். வயது 20. ஐந்து இளைஞர்களுக்கு இரண்டு முதல் ஆறு மாதம் வரை சிறை. நடந்ததற்காகச் சிறை!

அந்தத் தண்டனை நாட்டையே உலுக்கியது. 1949-ல் தேசியப் பூங்காக்களுக்கும் பாதைகளுக்கும் சட்டம் வந்தது. ஒவ்வொரு வட்டாரமும் தன் பொதுப்பாதைகளை வரைபடத்தில் பதிய வேண்டும் என்றானது. 1951-ல் முதல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது, அந்தக் கிண்டர் ஸ்கவுட் இருக்கும் பீக் டிஸ்ட்ரிக்ட். 2000-ல் வந்த சட்டம் மலை, மேட்டுநிலம், புதர்வெளிகளில் பாதையை விட்டு விலகியும் நடக்கும் உரிமை கொடுத்தது. 2002-ல், அந்த நிலத்தை வைத்திருந்த பிரபுக் குடும்பத்தின் வாரிசு பொதுமேடையில் மன்னிப்புக் கேட்டார்.

கதை அத்துடன் முடியவில்லை. 1949-க்கு முந்தைய பாதைகளில் வரைபடத்தில் ஏறாதவை ஏராளம். அவற்றைப் பதிய 2026 ஜனவரி 1 வரை கெடு வைத்தார்கள். தப்பினால் உரிமை போயே போச்சு. ராம்ப்ளர்ஸ் என்ற நடையர் சங்கத்தின் தன்னார்வலர்கள் பழைய வரைபடங்களைத் தோண்டி, 2020-ல் மட்டும் 49,000 மைலுக்கு மேல் விடுபட்ட பாதைகள் இருக்கலாம் என்று கண்டுபிடித்தார்கள். கெடு 2031 வரை தள்ளிப்போனது. 2024 இறுதியில், கெடுவையே எடுத்துவிடப் போவதாக அரசு அறிவித்தது.

முள்வெட்டும் அந்த அம்மாளுக்கு இந்த வருடக் கணக்கெல்லாம் விரல்நுனியில். "சட்டம் காகிதத்தில் இருக்கும். பாதை காலில் இருக்கிறது" என்று சொல்லிவிட்டு, அடுத்த புதருக்குப் போய்விட்டார்.

இருபது நிமிடத்தில் பார்த்து முடிகிற ஊர்

பைபரி போயிருந்தேன். இன்ஸ்டாவில் இங்கிலாந்து கிராமம் என்று தேடினால் முதலில் வரும் படம், அங்கிருக்கும் ஆர்லிங்டன் ரோ. 14-ம் நூற்றாண்டுக் கம்பளிக் கிடங்கு, 17-ம் நூற்றாண்டில் நெசவாளர் வீடுகளானது. தறிக்காரர்கள் வாழ்ந்த குச்சு வீடுகள்தான் இன்று உலகமே வந்து போட்டோ எடுக்கும் இடம்.

பெரிய பஸ் வந்து நிற்கிறது. ஐம்பது பேர் இறங்குகிறார்கள். இருபது நிமிடம். ஐஸ்கிரீம், செல்ஃபி, கழிப்பறை. கிளம்பிவிடுகிறார்கள். பின்னாலேயே அடுத்த பஸ். சில நூறு பேர் வசிக்கும் ஊர் அது. ஒரு வீட்டு வாசலில் 'இது குடியிருக்கும் வீடு. எட்டிப் பார்க்க வேண்டாம்' என்று எழுதிவைத்திருந்தார்கள். பெரிய பஸ்களைக் கட்டுப்படுத்த உள்ளூர் நிர்வாகமே இறங்க வேண்டியதாயிற்று.

இதைவிடப் பெரிய கவலை, விலை. நகரத்துப் பணக்காரர்கள் வார இறுதிக்காக வீடு வாங்குகிறார்கள். மற்றதெல்லாம் சுற்றுலா வாடகைக்குப் போகிறது. நான் தங்கிய இடத்தில் காலை உணவு பரிமாறிய பெண் பிறந்து வளர்ந்தது இதே ஊர். இப்போது தினமும் பத்து மைல் தள்ளியிருந்து வேலைக்கு வருகிறார். "எங்க அம்மா பிறந்த வீட்டு வாடகையைக் கேட்டேன். என் ரெண்டு மாசச் சம்பளம்" என்றார். அன்று வறுமை இளைஞர்களை வெளியே அனுப்பியது. இன்று அதே வேலையை அழகு செய்கிறது.

பயணிகளான நமக்கு இதில் பங்கு இருக்கிறது. இருபது நிமிடம் நிற்கிறவர் ஊருக்குத் தருவது நெரிசல். ஓர் இரவு தங்கி, உள்ளூர்க் கடையில் ரொட்டி வாங்கி, உள்ளூர் பஸ்ஸில் ஏறுகிறவர் தருவது, அந்த பஸ்ஸும் கடையும் அடுத்த வருடமும் ஓடுவதற்கான காரணம்.

போக நினைக்கிறீர்களா?

* மே முதல் செப்டம்பர் வரை நல்ல காலம். ஜூனில் இரவு ஒன்பதரைக்கும் வெளிச்சம் இருக்கும். சனி, ஞாயிறைத் தவிர்த்தால் கூட்டம் குறைவு. கிராமத்து பஸ்கள் ஞாயிறன்று பல இடங்களில் ஓடாது. முன்பே நேரம் பார்த்துக்கொள்ளுங்கள்.

* மஞ்சள் அம்பு நடப்பவர்களுக்கு. நீல அம்பு குதிரைக்கும் சைக்கிளுக்கும் சேர்த்து. ஆர்டினன்ஸ் சர்வேயின் 1:25,000 வரைபடத்தில் பொதுப்பாதைகள் பச்சைப் புள்ளிக் கோடுகளாக இருக்கும். செல்போன் சிக்னல் பல பள்ளத்தாக்குகளில் கிடைக்காது. காகித வரைபடம் ஒன்று பையில் இருக்கட்டும்.

* கதவைத் திறந்து போனால் மூடிவிட்டுப் போங்கள். ஏற்கெனவே திறந்து வைத்திருந்தால் அப்படியே விடுங்கள். கன்றோடு இருக்கும் பசுக்களைச் சுற்றிக்கொண்டு போங்கள். அதற்கும் நம்ம ஊர்ப் பசுவுக்கும் கோபத்தில் வித்தியாசம் இல்லை!

* மழை சொல்லாமல் வரும். சேறு சொல்லிக்கொண்டே இருக்கும். கணுக்கால் வரை மூடும் ஷூ அவசியம்.

* கிராமத்து பப்களில் மதியச் சாப்பாடு இரண்டு, இரண்டரை மணிக்கெல்லாம் முடிந்துவிடும். சைவக்காரர்களுக்குக் கைகொடுப்பது 'ப்ளவ்மேன்ஸ் லஞ்ச்' என்ற உழவர் சாப்பாடு. தடித்த ரொட்டி, பாலாடைக்கட்டி, புளிப்பும் இனிப்புமாக ஒரு ஊறுகாய். ஹாம் வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

* நடக்க ஆசையும் நேரமும் உள்ளவர்களுக்கு, சிப்பிங் கேம்ப்டன் சந்தை மண்டபத்திலிருந்து தெற்கே பாத் நகரம் வரை 'காட்ஸ்வோல்ட் வே' என்ற 164 கிலோமீட்டர் பாதை இருக்கிறது. ஒரு வாரம், பத்து நாள் ஆகும். அவ்வளவு முடியாவிட்டால், பிராட் கேம்ப்டன் வரை அந்த ஒரு மைல் போதும். குழந்தைகளும் நடக்கலாம், தாத்தா பாட்டியும் நடக்கலாம்.

நடக்கும்போது வழியில் யாராவது முள் வெட்டிக்கொண்டிருந்தால், ஒரு வணக்கம் சொல்லிவிட்டுப் போங்கள்.